இடது

வலது முன்பே போய்விட்டது,
ஓட்டல் அங்கி ஒன்றின் பைக்குள் தவறி விழுந்து
அறுபது டிகிரி வெந்நீரில் ஒரு முழுச் சுற்று.
மிச்சம் இடது.
வேலையில் அதுவே போதும்,
வலது காது ரோவெனா மேடத்துக்கு.
நீராவி இரைச்சலுக்கு மேலே
அவள் ஒரு தடவைதான் கூப்பிடுவாள்.

இரவில்தான் கஷ்டம்.
என் போனின் காதுப்பக்கம் எப்போதோ ஊமை.
ஸ்பீக்கரில் போட்டால்
குதைபியா அறையின் ஐந்து கட்டிலுக்கும்
என் வீட்டுச் சீட்டுப்பணம் தெரிந்துவிடும்.
இடது நூறு சதம் என்று பச்சை காட்டும்.
இருபதாவது நிமிடம்
இறங்குமுகமாய் இரண்டு ஓசை,
லீலாபுஷ்பம் பாதிச் சொல்லில் நின்றுபோவாள்.

புதுசு ஒன்பது தினார் என்றான் கடைக்காரன்.
பேட்டரி மட்டும் எண்ணூறு ஃபில்ஸ்,
பதினெட்டு நாளில் தபாலில் வந்தது,
சட்டைப் பொத்தான் அளவு,
வெள்ளி நிறம், இரண்டு நாக்கு.

வெள்ளிக்கிழமை மதியம்
செத்த வலதைத்தான் முதலில் அறுத்தேன், பழக.
கத்தி வழுக்கி கட்டைவிரலில் ரத்தம்.
இடதுக்குக் கத்தி வேண்டாம் என்று
இஸ்திரிப் பெட்டியைப் போட்டேன்,
திருகைப் பட்டில் வைத்தேன்.
எத்தனை எண்ணினால் பட்டு பழுக்கும் என்று
பதினோரு வருடமாக என் விரலுக்குத் தெரியும்.
கைக்குட்டைக்கு மேலே அதைப் படுக்கவைத்து
ஒன்பது எண்ணினேன்.
கோந்து இளகியது.
காலாவதியான சிபிஆர் அட்டையின் மூலையை
இடுக்கில் நுழைத்தேன்,
என் பழைய முகம் லேசாக வளைந்தது,
டப் என்று திறந்தது.

உள்ளே இவ்வளவுதானா.
வலையில் என் காதழுக்கு,
ஒரு பச்சைத் தகடு,
நடுவில் பேட்டரி, மாத்திரை மாதிரி உப்பி.
"ரெண்டு கம்பியையும் ஒரே வெட்டா வெட்டாதே"
என்றான் மேல்கட்டில் திலக்,
கேமரா மாட்டும் வேலை அவனுக்கு,
சூட்டுக்கோல் அவனுடையது.
சிவப்பை வெட்டினேன், மூச்சு விட்டேன்,
கறுப்பை வெட்டினேன்.
புதியதன் நாக்கில் ஒரு பொட்டு ஈயம்,
இன்னொரு பொட்டு.
சிவப்பு எந்தப் பக்கம் என்று
மூன்று தடவை பார்த்தேன்,
நாலாவது தடவை திலக் பார்த்தான்.
வாயை ஒட்டி, துணிக்கிளிப் போட்டு இறுக்கி
ஜன்னலோரம் வைத்தேன்.
விளிம்பில் ஒரு வழிசல், அது போகாது.

இரவு அவள் எப்போதும் போல
மூட்டை கட்டுகிற வேகத்தில் பேசினாள்.
மோட்டார் காயில் எரிந்தது,
ஜெனியின் பஸ் கட்டணம்,
சீட்டு ஏலம் யாருக்குப் போனது,
சாப்பிட்டீங்களா.
எல்லாம் பத்தொன்பது நிமிடத்துக்குள்.
இருபது வந்தது.
இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"இன்னும் கட்டாகலையா?"
"பேட்டரி மாத்திட்டேன்."
"ஓ."

எப்ப வர்றீங்க என்று அவள் கேட்ட இரவுகளில்
ஓசை வருவதற்கு முன்பே
சார்ஜ் போச்சு என்று நான் வைத்திருக்கிறேன்.
அவள் கேட்டுவிடுவாளோ என்றிருந்தது.
கேட்கவில்லை.
அவளிடமும் பேச்சு தீர்ந்திருந்தது.
இங்கே ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டியது.
அங்கே ஏதோ சீறியது,
பிறகு மரத்தில் துணி வைத்த ஒரு தட்டு,
மறுபடி சீறல்.
இதை எங்கேயும் எனக்குத் தெரியும்.

"என்ன துணி அது?"
"ஜெனி பாவாடை."
"டெரிகாட்டன். சூட்டைக் குறை."
திருகு திரும்பும் க்ளிக் கேட்டது.
"மடிப்பை உள்பக்கமா தேய்."
"தேய்க்கிறேன்."
அப்புறம் வெகுநேரம் தேய்த்தாள்.
நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தோராவது நிமிடம்
அவளே வைத்தாள்,
தூக்கம் வருது என்று,
இத்தனை வருடத்தில் முதல் தடவையாக
ஒரு காரணம் சொல்லி.