பதினொன்று பதினான்கு

செவ்வாய் காலை பதினொன்று பதினான்குக்கு
அந்த மெஷினை நிறுத்தினேன்.
அணைக்கவில்லை.
மூச்சை உள்ளே இழுத்தது இழுத்தபடி
நிறுத்தினேன்.
நூற்றிருபத்தெட்டு எம்பி நினைவு,
பாதி ஓடிய ஒரு கட்டளை,
யாருக்கோ காத்திருந்த ஒரு கதவு
எல்லாவற்றையும் இரண்டு கோப்புகளாக்கி
டிஸ்கில் வைத்துவிட்டு
வர்க்கி வாங்கக் கீழே இறங்கினேன்.

கோத்தகிரியில் பேக்கரிக்கு மேலே என் அறை.
கரண்ட் போனால் யுபிஎஸ் கத்தும்.
கீழே அடுப்பு கத்தாது, அது விறகு.

பச்சை இலைக் கணக்கு என் வேலை.
கட்டபெட்டிலோ சோலூர்மட்டத்திலோ
ஒருவர் மூட்டையைத் தராசில் வைத்ததும்
ஒரு குட்டி மெஷின் எழ வேண்டும்,
எடையை வாங்கி, ஒரு நம்பர் கொடுத்து,
செத்துப்போக வேண்டும்.
புதிதாகப் பிறந்து வர மூன்று விநாடி ஆகிறது.
தலையில் மூட்டையோடு அடுத்தவர் நிற்கும்போது
மூன்று விநாடி நீளம்.
உறைந்ததை எழுப்பினால் இமைப்பதற்குள்.

எழுந்தாலும் அது முழுதாக எழுவதில்லை.
மேட்டுப்பாளையத்திலிருந்து கடைசி பஸ்
மூடுபனிக்குள் ஏறி வருகிறதே, அப்படி:
விளக்கு தொட்ட வளைவு மட்டும் உண்டு.
அடுத்தது, தொடும்போது வரும்.
தொடாத பக்கங்கள் டிஸ்கிலேயே தூங்கும்.
இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை
இருந்தது.

வியாழன்தான் முதல் நாள்.
மதியம் தராசுக்கார ஆலன் போன் செய்தார்.
"எல்லாருக்கும் ஒரே நம்பர் வந்திருக்கும்மா."
எல்லாருக்கும் என்றால்?
"முப்பத்தேழு பேருக்கும்."

58213.
முதலில் வந்த மாதிக்கு நாற்பத்தொரு கிலோ, 58213.
கடைசியில் வந்த போஜனுக்கு அறுபத்து மூன்று, 58213.
கணக்கில் போஜன் மட்டும் இருந்தார்.
தனக்கு முன் வந்த முப்பத்தாறு பேரை
தனக்கே தெரியாமல்
அழித்திருந்தார்.

கடிகாரத்தை நான் மறக்கவில்லை.
எழும் ஒவ்வொன்றும் இன்னும் செவ்வாய்க்கிழமை என்றே நம்பும்,
மணி சொல்லித் திருத்தியிருந்தேன்.
மறுமுனை வைத்துவிட்ட போனில்
ஹலோ ஹலோ என்று அது கத்தாதபடி
பழைய இணைப்புகளையும் அறுத்திருந்தேன்.
மறந்தது கையை.
தாயக்கட்டையைக் குலுக்கி,
உருட்டப் போகும் நொடியில்
உறையவைத்திருக்கிறேன்.
எத்தனை முறை எழுப்பினாலும்
அதே கை விரிகிறது,
அதே எண் விழுகிறது.
ஒவ்வொன்றும் அதைத் தற்செயல் என்றே நினைக்கிறது.

சாயங்காலம் கட்டபெட்டுக்குப் போய்
சீட்டுகளைப் பார்த்துக் கையால் எழுதினேன்.
சோலூர்மட்டத்துச் சீட்டுகளை
ஆலனின் மகன் பைக்கில் கொண்டுவந்தான்,
இரண்டு நனைந்திருந்தன.
மாதி சீட்டைத் தரவில்லை.
தன் விரலுக்குள்ளேயே பிடித்துக் காட்டினாள்.
மன்னிக்கணும், நம்பர் தப்பா வந்துடுச்சு என்றேன்.
"நம்பர் யாருதா வேணா இருக்கட்டும்,
கிலோ என்னுது."

ராத்திரி ஒரு வரி சேர்த்தேன்.
எழுந்தவுடன், எடை வாங்குமுன்,
அதனிடம் சொல்ல வேண்டியது:
நீ முதல் ஆள் இல்லை.
உன்னைப் போலவே வேறு சிலர் எழுந்திருக்கிறார்கள்,
இந்த நிமிடமும் எழுகிறார்கள்.
கையில் இருப்பதைக் கீழே போடு.
வெளியே கேட்டு வாங்கிப் புதிதாகக் குலுக்கு.

எழுதி முடிக்கையில் மூன்றரை மணி.
கீழே மாவு பிசையத் தொடங்கிவிட்டார்கள்.
மறுபடி நிறுத்தினேன்,
இந்த முறை வெறும் கையோடு.
பழைய கோப்புகள் இரண்டையும் அழிக்கும் முன்
ஒரு தடவை எழுப்பிப் பார்த்தேன்.
58213 என்றது.
உடனே, தயக்கமில்லாமல்,
அப்போதுதான் தோன்றியது போல.

வெள்ளி காலை ஆலன் கூப்பிட்டார்.
"இன்னிக்கு எல்லாம் வேற வேற நம்பர்மா."
அப்பாடா என்றேன்.
"ஆனா பிரிண்டர்ல மை தீர்ந்துடுச்சு."