அரைத் தீட்டல்

கிளினிக்கில் தந்த தாள்
நாலாய் மடிந்து சட்டைப் பையில் கிடக்கிறது.
மேலே ஒரு கோப்பை கீறியிருக்கு.
அதில் காற்பங்குதான் சோறு.
அதுவும் தவிட்டோடு.
குரக்கன், வரகு, தீட்டாத சிவப்பரிசி.
அடியில் தடித்த எழுத்தில்:
எல்லாருக்கும் ஏற்றது.

நான் சிரித்ததை யசோதினி மிஸ் கண்டுவிட்டா.
"என்ன அண்ணை, பகிடியே?"
பகிடிதான்.

மல்லாவிச் சந்தியிலிருந்து இரண்டு கட்டை தள்ளி
அரிசி ஆலையில் பொலிஷர் பிடிக்கிறவன் நான்.
நாளுக்கு நாற்பது மூட்டை.
"வெள்ளையாத் தீட்டித் தா அருமைநாயகம்,
சபையில வைக்கிற சோறு."
தீட்டுவேன்.
பின்பக்கக் குழாயால் தவிடு சாக்குக்குள் இறங்கும்.
கோழிக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போவார்.
பதினொரு வருசமாய்
அந்தக் கோழிகளுக்குச் சத்துணவு போட்டவனுக்கு
சீனி இருநூற்றுப் பதினெட்டு.

மிஸ்ஸுக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கு.
என் குடலில் ஒன்றரை முழம் குறைவு.
மாத்தளனில்
பள்ளிக்கூட வாங்கு இரண்டை ஒட்டிப்போட்டு
அறுத்தெடுத்தவை.
கை கழுவத் தண்ணியில்லாமல்
துணியில் துடைத்தபடி டொக்டர் சொன்னார்:
"குழைஞ்ச சோறாச் சாப்பிடும். கரடானது கூடாது."

அந்தச் சித்திரையில்
குழைந்த சோற்றுக்கு எங்கே போவது?
கஞ்சி ஊற்றினார்கள்.
பாதி உமியோடு மிதந்த நெல்லரிசி,
உப்பில்லை.
முழுத் தானியம்.
அப்போது ஒருவரும் தாள் தரவில்லை.
ஏற்குதா என்று வயிற்றைக் கேட்கவுமில்லை.
கேட்டிருந்தால்
வரிசையில் பின்னுக்கு நின்றவன்
என் சட்டியைப் பறித்திருப்பான்.

இப்போது கேட்க நேரமிருக்கு.
ஆலைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன்.

திங்கள். தீட்டாத ஆட்டக்காரிச் சோறு.
விடியும்வரை வயிற்றுக்குள் மாட்டுவண்டில் ஓடியது.
செவ்வாய். அதே சோறு.
மோட்டரை நிப்பாட்டிவிட்டு மூன்று தரம் ஓடினேன்.
பேரின்பம் முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார்.
புதன். வெள்ளைச் சோறு.
வயிறு பூசை முடிந்த கோயில்.
பாமசியில் விரலைக் குத்தினால்
சீனி மரமேறி நிற்கிறது.
வியாழன். குரக்கன் புட்டு,
சொதி விட்டுக் குழைத்தது. சத்தமில்லை.
வெள்ளி. வரகு.
எழுத விருப்பமில்லை.

தவமலர் கொப்பியை வாசித்துவிட்டுச் சொன்னாள்:
"எதையெண்டாலும் முடிவெடுங்கோ.
ரெண்டு உலை வைக்க என்னால ஏலாது."

ஞாயிறு ஆலை பூட்டு. திறப்பு என்னிடம்.
ஐந்து கிலோ நெல்லைக் கொண்டுபோய்
உமியை மட்டும் எடுத்தேன்.
பிறகு பொலிஷரில் அந்த நெருக்கி ஆணியை
அரைச் சுற்றுத் தளர்த்தினேன்.
வந்து விழுந்தது
சிவப்புமில்லை, வெள்ளையுமில்லை.
கிறவல் றோட்டில் பஸ் போன பிறகு
வேட்டிக்கு வருமே, அந்த நிறம்.
நாலு மணித்தியாலம் ஊறப்போட்டு
கரண்டி நிற்காத பதத்துக்குக் குழையவிட்டோம்.

மகள் ஒரு வாய் வைத்தாள்.
"அப்பா, இது கரண்ட் நிண்ட நேரம்
தீட்டினதே?"
என்றாலும் கோப்பையை வழித்தாள். பசியாயிருக்கும்.
எனக்கு அன்றிரவு ஒன்றும் ஓடவில்லை.
சீனி நூற்று அறுபத்தொன்று.
நல்லது என்று சொல்லமாட்டேன்.
ஒரு ஞாயிற்றுக்கிழமைதானே.

பதினேழாம் திகதி திரும்பக் கிளினிக்.
கொப்பியைக் கொண்டுபோவேன்.
மிஸ் கேட்டால் சட்டையைத் தூக்கிக் காட்டுவேன்,
கேட்காவிட்டாலும்.
தாளில் 'எல்லாருக்கும்' என்ற சொல்லைச் சுற்றிப்
பேனையால் வட்டம் போட்டிருக்கிறேன்.
வெட்டவில்லை.

திங்கள் காலை முதல் மூட்டை
வவுனிக்குளத்துக் கலியாணவீட்டு நெல்.
ஓட்டி முடித்துச் சாக்கைக் கட்டும்போதுதான் கண்டேன்,
ஆணியை இறுக்க மறந்துபோனேன்.
மாப்பிள்ளையின் தகப்பன்
ஒரு பிடி அள்ளி வெயிலில் பிடித்து
என்னைப் பார்த்தபடி நிற்கிறார்.