பாடசாலை நாட்களில் மட்டும்

முன்கண்ணாடிப் பலகையில் சிவப்பு மையால் இருக்கிறது:
காலை ஆறு பத்து, ரொக்வில் மேல்பிரிவு – ஹட்டன்,
பாடசாலை நாட்களில் மட்டும்.
எழுதியவன் நான்தான்.
இடம் போதாமல் கடைசி எழுத்து
சட்டத்தின் மேல் ஏறிவிட்டது.

தவணை முடிந்தால்
ஐம்பத்திரண்டு வெள்ளைச் சட்டைகள் லயத்தில் தங்கிவிடும்.
பஸ்ஸும் தங்கிவிடும், டிப்போவில்,
சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்து.
தொழில்நுட்பக் கல்லூரிக்கு அது தெரியாது.
அதன் வருஷம் வேறொரு நாளில் பிறக்கிறது.
மின்னிணைப்புச் செய்முறைப் பரீட்சை
ஆகஸ்ட் பன்னிரண்டு, எட்டு மணி.

சுகிர்தமலர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
சீசன் டிக்கெட்டை நீட்டும் அவள் விரல்களில்
எப்போதும் கறுப்பு டேப்பின் பசை.
"லீவுக்கு பஸ் வருமா அண்ணே?"
"ஸ்கூல் இல்லையே புள்ள."
"காலேஜ் இருக்கே."

போன வருஷம் குறுக்குப் பாதையில் நடந்திருக்கிறாள்.
காலில் நாலு அட்டை,
வரவு அட்டையில் பதினொரு சிவப்புக் கோடு.
இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு
மிதிபலகையில் இருந்து உள்ளே ஏறினாள்.

வலயப் பணிமனையில் கூட்டம் போட்டார்கள்.
மெனேஜருக்கு நேரமில்லை, என்னை அனுப்பினார்.
மேசையில் இரண்டு நாட்காட்டி,
அதிபருடையது ஒன்று, பணிப்பாளருடையது ஒன்று.
பௌர்ணமி மட்டும் இரண்டிலும் ஒரே கட்டத்தில் நின்றது;
நிலவோடு யாரும் கூட்டம் வைத்ததில்லை.
"தவணையைக் கொழும்புதான் தீர்மானிக்கும்" என்றார் அதிபர்.
"எங்களதையும் கொழும்புதான்" என்றார் பணிப்பாளர்,
"ஆனால் அது வேறு கட்டடம்."
ரோல்ஸ் வந்தது. பிளேன்டீ வந்தது.
"ரெண்டும் ஒரே ரோட்டுல தானே சார் இருக்கு" என்றேன்.
போக்குவரத்துத் தரப்பு கருத்துத் தெரிவித்தது
என்று அறிக்கையில் இருக்கிறதாம்.

ஆகஸ்ட் பன்னிரண்டு விடியமுன்
டிரைவர் பியசேன கல்லை உதைத்து நகர்த்தினார்.
பிரேக் சரியில்லையாம், மலையில் இறக்கிப் பார்க்க வேண்டுமாம்.
அவர் முகத்தை நான் பார்க்கவில்லை,
பார்த்தால் சிரித்திருப்பேன்.

மேல்பிரிவு முடக்கில் குறடு துருத்திய பையோடு அவள்.
தொழிற்சாலைச் சந்தியில் வெல்டிங் படிக்கும் ஒருவன்,
கோயிலடியில் தையல் வகுப்புக்கு இரண்டு பேர்,
பாலத்தில் இன்னும் மூன்று.
வெள்ளைச் சட்டைக் கூட்டத்தில்
இத்தனை நாள் இவர்களை நான் எண்ணவேயில்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்: பிரேக் பரிசோதனை, பயணிகள் ஏழு.
டிப்போவில் கேட்பார்கள்.
சொல்லிக்கொள்ளலாம்,
வெறும் பஸ்ஸில் பிரேக் பார்க்க முடியுமா சார்,
பாரம் வேண்டாமா?