பத்துக்கு எட்டு

துரோலாக் பஜாருக்குப் பின்னால்
செம்பனைக் காடு முடியும் இடத்தில்
உயர்மின் கம்பிக்கு அடியில்
ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் கடிதத்தின் பேரில்
முக்கால் ஏக்கர் எனக்கு.
கம்பி எந்நேரமும் முணுமுணுக்கும்.
வெண்டை துவண்டபோது
முதலில் அதைத்தான் திட்டினேன்.

உச்சி வெயிலில் தலை சாயும்,
சாயங்காலம் தண்ணீர் படாமலே நிமிரும்.
பள்ளி வேன் ஹாரன் கேட்டதும் வரும்
என் மகன் திவாகரின் வயிற்றுவலி மாதிரி.
கோழிச் சாணம் நாலு மூட்டை போட்டேன்.
இலை மஞ்சளாகவே நின்றது.
காய் வளைந்து, பிஞ்சிலேயே நாரோடி,
பாசார் மாலத்தில்
கிலோ இரண்டு ரிங்கிட் என்றும்
தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தார்கள்.

விவசாய இலாகாவிலிருந்து புவான் ரொஹானி வந்தார்.
இலையைப் பார்க்கவே இல்லை.
மண்வெட்டியை வாங்கி
செடியை மண்ணோடு அள்ளி
வாளித் தண்ணீரில் மெதுவாக அலசினார்.

வேரா அது?
இஞ்சிக்கும் இதற்கும் ஏதோ உறவு போல
முண்டும் முடிச்சும்.

பயற்றங்கொடி ஒன்றையும் பிடுங்கிக் காட்டினார்.
அதன் வேரிலும் மணிகள்;
நகம் பட்டதும் உதிர்ந்தன.
அவை விருந்தாளிகள், உரம் கொண்டுவருகிறவை.
இதைச் சுரண்டிப் பார் என்றார்.
உதிரவில்லை. வேரே வீங்கியிருந்தது.
உள்ளே நூற்புழு,
கண்ணுக்கு அகப்படாத வாடகைக்காரன்,
வாடகை தராதவன்.
எண்ணிப் பார்த்து நோட்டில் எழுதினார்:
பத்துக்கு எட்டு.
திவாகர் கணக்கில் ஒருமுறையும் வாங்காத மார்க்.

'தானாக நடந்தால்
ஆண்டுக்கு ஒரு கஜம் போகுமோ என்னவோ.
மண்வெட்டியில், பூட்ஸில், நாற்றில்
நாம்தான் சுமந்து போகிறோம்.'

அப்படியென்றால் யார்?
மூன்று இரவு
தூக்கத்தை விட்டுக் குற்றவாளி தேடினேன்.
ஷஃபிக்கின் பூட்ஸ். நாலு தோட்டத்தில் கூலி வேலை அவனுக்கு.
உழ வந்த டிராக்டர்.
அடுத்த பாத்தி லியூ, அவன் கடன் வாங்கிய என் மண்வெட்டி.
லியூதான் என்று தீர்ப்பெழுதிவிட்டுத் தூங்கினேன்.

காலையில் லியூ வந்தான்.
கையில் ஒரு கத்தரிச் செடி, தலைகீழாக.
அதே முடிச்சுகள்.
'உனக்கும் இருக்கா?' என்றான் மலாயில்.
அவ்வளவுதான் கேட்டான்.

சீனப் பெருநாளுக்கு முந்தின வாரம்
என் தட்டிலிருந்து நாற்பது கத்தரி நாற்று
அவனுக்குக் கொடுத்தேன்.
பதிலுக்கு ஒரு பை ஆரஞ்சு வந்தது.
ஆரஞ்சைத் தின்று தோலையும் எறிந்தாயிற்று.

சொல்லாமலும் இருந்திருக்கலாம்.
சொன்னேன்.
லியூ செடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
என் வாளியில் தன் மண்வெட்டியைக் கழுவி
சுவரில் சாத்தினான்.
'எரிப்போம்' என்றான்.

இரண்டு தோட்டத்து வேர்களையும்
ஒரே குவியலாகக் காய வைத்தோம்.
ஓடையில் எறிய வந்த ஷஃபிக்கை
இருவரும் ஒரே நேரத்தில் கத்தித் தடுத்தோம்;
ஓடை கீழே இன்னும் ஆறு பேருக்குப் பாய்கிறது.
பிளாஸ்டிக் விரித்து மண்ணை வேகவைக்கலாம் என்றால்
தினமும் மூன்று மணிக்கு மழை.
ஆகவே செண்டுமல்லி,
நெருக்க நெருக்கமாக, நடக்க வழியில்லாமல்.
பூ மாரியம்மன் கோயில் மாலைக்கு,
வேர் புழுவுக்கு.
ஒரே செடியில் இரண்டு பூசை.

வாசலில் பேசின் வைத்திருக்கிறேன்.
பூட்ஸைக் கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது,
நான் உட்பட.

நேற்று சோதனைக்கு நட்ட வெண்டையைப் பிடுங்கினோம்.
அலசினோம். லியூ எண்ணினான், நான் எண்ணினேன்.
அவனுக்கு மூன்று வந்தது, எனக்கு நாலு.
பூஜ்யம் எப்போதும் வராது என்று
புவான் முன்பே சொல்லியிருக்கிறார்.

கம்பி முணுமுணுக்கிறது.
இந்த ஆண்டுக் கடிதம் இன்னும் வரவில்லை.
லியூ மூன்று என்றே எழுதச் சொல்கிறான்.
நான் நாலு என்று எழுதினேன்.