நாற்பது பாகை

குட்டாயிசி. ஞாயிறு இரவு, விடாத மழை.
ஜூடோ அங்கியோடே வந்துவிட்டான் பாச்சனா, பதினேழு வயது.
இடக்கையை வலக்கையில் ஏந்தியிருந்தான்,
அடுத்தவர் பிள்ளையைத் தூக்கிவைத்திருப்பவனைப் போல.

தோள்தான் என்றார் பயிற்சியாளர் வாஹுஷ்டி.
சீட்டிலும் தோள் என்றே எழுதியிருந்தது.
தோளை எடுத்தாள் நாஸிப்ரோலா.
தோளில் குறையில்லை.
காறை எலும்பை நேராக எடுத்தாள்.
உள்முனையில் விலாவும் முதுகெலும்பும்
ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்து
நிழலுக்குள் நிழல்.
உண்டென்றும் சொல்லலாம், இல்லையென்றும்.

"ஒன்றுமில்லையே? வியாழக்கிழமை
திபிலிசியில் தகுதிச்சுற்று."

அப்போது அவள் படத்தைப் பார்க்கவில்லை.
யாரோ கொடுத்த தண்ணீரில் ஒரு மடக்கு
அவன் வாயிலேயே இருந்தது.
கன்னம் உப்பியபடி
சுவரில் எதையோ படித்துக்கொண்டிருந்தான்.
அங்கே படிக்க எதுவுமில்லை.

கருவில் முதலில் எலும்பாகத் தொடங்குவது இது.
கடைசியில் மூடுவதும் இதுதான்.
மீசை வந்து, ஓட்டுப் போட்டு, கடன் வாங்கிய பிறகும்
நெஞ்சருகே அதன் வளர்தட்டு
குருத்தாகவே இருக்கும், இருபத்துச் சொச்சம் வரை.
கழுத்தணியின் பெயரைத்தான் தமிழ் இதற்கு வைத்தது.
பதினேழு வயதில் இது
பூட்டுவாய் இன்னும் வார்க்கப்படாத காறை.

"துப்பிவிடு" என்றாள்.
மல்லாக்கப் படுக்கவைத்துக்
குழாயைத் தலைப்பக்கம் நோக்கிச் சாய்த்தாள்,
நாற்பது பாகை.
மூச்சைப் பிடி.
இரண்டு காறைகளும் ஒரே சட்டத்தில்.
வலது, இருக்க வேண்டிய இடத்தில்.
இடது, ஒரு விரற்கடை கீழே.
இந்தப் படத்தில் கீழே என்றால்
உடம்பில் உள்ளே.
உள்ளே என்றால் மூச்சுக்குழல்,
கைக்கும் தலைக்கும் போகும் பெருநாளங்கள்.

பிறகு சி.டி. அறை.
மெல்லிய துண்டங்களாக அவனைப் புரட்டினாள்,
பாதிப் படிக்கும்போது விரல் நின்றது.
கணுப்பிளந்த குருத்து.
பின்னால் சரிந்த எலும்பு, குழலைத் தொட்டும் தொடாமலும்.

நெஞ்சு அறுவை மருத்துவரை எழுப்ப
ஐந்து முறை அழைக்க வேண்டியிருந்தது.

நடைவழியில் நீல அங்கியில் இன்னொரு பையன்.
எறிந்தவன். ஒரே பள்ளி, ஒரே பஸ்.
வாஹுஷ்டி அவனருகே போய் உட்கார்ந்தார்.
தகுதிச்சுற்றைப் பற்றி
இருவருமே பேசவில்லை.

செவ்வாய் மதியம், பிரிவிலிருந்து ஒரு போன்:
இடக்கை தூளியில்.
வலக்கையால் தம்ளரைப் பிடித்து
ஒரே மூச்சில் குடித்தானாம்,
இன்னொன்று கேட்டானாம்.

சரி என்றாள் நாஸிப்ரோலா.
அடுத்த சீட்டை எடுத்தாள்.
கணுக்கால், பதின்மூன்று வயது, கால்பந்து.
கணுக்கால்தானா என்று
முதலில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.