கழிவுக் கட்டு

எனக்குப் பாட்டே பிடிக்காதுன்னு
முக்கூடல் தெற்குத் தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கா தங்கபுஷ்பம்.
பிடிக்காதுன்னு யார் சொன்னா?
இலை வெட்டையில எது, நூல் சுத்தையில எதுன்னு
எனக்கு ஒரு கணக்கு உண்டு.
அது அவளுக்கு விளங்காது.

மடியில சுளகு. சுளகுல தூள்.
நாலு பேருக்கு நடுவுல
ஜெனிட்டா வாங்கிட்டு வந்த ஸ்பீக்கர்.
சோத்துச் சட்டி அளவுதான் இருக்கும்,
அடிச்சா தூள் துள்ளுது.
மெய்யாவே துள்ளுதுங்கேன்.
குத்துப்பாட்டு தங்கபுஷ்பத்துக்கு.
அது ஓடினா என் விரலு என்னைக் கேக்காது;
கால் மணி நேரக் கட்டு
பத்தே நிமிசத்துல முடியும்.
முடிஞ்சு என்ன, அத்தனையும் தொளதொள.
பத்த வச்சவன் ரெண்டாவது இழுப்புக்கு
மறுபடி தீப்பெட்டி தேடணும்.

சோகப்பாட்டு முத்தரசிக்கு.
புருசன் திருப்பூர்ல நல்லாத்தான் இருக்கான்,
மாசம் பொறந்தா பணம் வருது,
பெறவு எதுக்குட்டி இந்த ஒப்பாரின்னா
"பாட்டு அழுதா நான் அழ வேண்டாம்லா"ங்கா.
அதுக்கு மேல என்னத்தச் சொல்ல.
ஆனா அந்தப் பாட்டுல என் கத்திரி நின்னு போவுது.
இலையை வெட்டுததா, பாடுதவனைத் தேத்துததா?

அம்மாவைப் பத்திப் பாடுதவன்
ஒரு நாளாவது ஒரு குடம் தண்ணி தூக்கியிருப்பானா?
கண்ணைப் பத்திப் பாடுதவன்
தூள் விழுந்து எரியுத கண்ணைப் பாத்ததே இல்ல.
சாமிப் பாட்டை சினிமா மெட்டுல பாடுனா
கும்பிடவா ஆடவான்னு கை குழம்புது.
பழைய பாட்டைப் பிடிச்சு
அடியில ஒரு மோட்டாரை மாட்டி ஓட விடுதாவளே,
அது சொதிக் குழம்புல சோடாவை ஊத்துனது.

கச்சேரிப் பாட்டுதான் உசத்தின்னு
பாளையங்கோட்டையில டீச்சரா இருக்க என் மைனி சொல்லுதா.
இருக்கட்டும்.
ஒத்த வரியை ஒம்போது தடவை இழுக்குதவங்க
எப்ப முடியும்னு முதல்லயே சொல்லிட்டு இழுக்கலாம்.

பிடிச்சது என்னன்னு இதுவரை எவளும் கேக்கல.

முதல் சரணம் முடியும்.
பாடுதவன் மூச்சு வாங்கப் போவான்.
அப்ப வயலின் கூட்டம் ஒண்ணு உள்ள வரும்,
அணை திறந்த மாதிரி இல்ல,
வாய்க்கால்ல முறைத்தண்ணி வார மாதிரி,
முதல்ல ஈரம், பெறவுதான் சத்தம்.
அந்த ரெண்டாவது வாசிப்புக்காகத்தான்
நான் பாட்டே கேக்குதேன்.
அதுல உருட்டுன பீடி
இறுக்கமும் இல்ல, தளர்வும் இல்ல.
பாடுதவன் திரும்பி வந்தா
இன்னும் செத்த நேரம் வெளிய இருந்திருக்கப்படாதான்னு தோணும்.

இப்ப வார பாட்டுல அதைத் தேடணும்.
இருந்தாலும் ஜெனிட்டா விடமாட்டா.
அரை நிமிசம், தள்ளு, அடுத்தது,
அரை நிமிசம், தள்ளு.
ஏட்டி, வாய் மடிக்காத பீடியை எவன் வாங்குவான்,
தூள் கொட்டிராதான்னேன்.
"சித்தி, இதான் ஹிட்டு"ன்னா.

சாயங்காலம் பீடிக்கடை.
கணக்கப்பிள்ளை சாமிதாஸ் கட்டை அமுக்கிப் பாத்தான்.
தொளதொளன்னு இருக்குன்னு
ரெண்டை உடைச்சு ஒதுக்கிட்டான்.
எந்த ரெண்டுன்னு எனக்குத் தெரியும்,
எந்தப் பாட்டுன்னும் தெரியும்.
மெட்டுப் போட்டவன் கணக்குல எழுதுமய்யான்னு சொல்ல வாயெடுத்தேன்,
அவன் சட்டைப்பையில போன் அடிக்கி.

அதே பாட்டு.

எடுக்கல அவன். பேனா காதுல, கை அடுத்தவ கட்டுல.
போன் பாட்டுக்குப் பாடுது.
பல்லவி முடிஞ்சுது.
பாஸ்புக்கை நீட்டுனபடி நிக்கேன்,
இந்தா வந்துரும், ஒரு வயலின்,
இல்லேன்னா ஒரு புல்லாங்குழல்,
ஒண்ணுமே இல்லேன்னாலும் ஒரு மூச்சு.

மறுபடியும் பல்லவி.