பதினேழும் பதினெட்டும்

ஆலனின் முதுகில் விரலால் தட்டினார் டாக்டர்.
மேலே முரசு. கீழே கல்.
விலா இடுக்கில் ஊசி இறங்க
ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாய் வடிந்தது,
இரண்டாம் தரம் கொதித்த தூளின் நிறத்தில்.
"எங்க பேக்டரி டீ மாதிரியே இருக்கு" என்றார் அவர்,
சிரிப்புக்கும் இருமலுக்கும் நடுவில்.

நிறத்தை நம்பி நான் எதையும் எழுதுவதில்லை.

பெண்கள் வார்டில் செபஸ்தியம்மாள்,
கீழ்க்கோத்தகிரி எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர்.
அவருடைய நீரும் அதே மஞ்சள்.
புரதம் இரண்டிலும் நாலரை.
மைக்ரோஸ்கோப்பில் லிம்போசைட்டுகள்
இரண்டு கண்ணாடியிலும் பஸ் ஸ்டாண்டுக் கூட்டம்,
யார் எந்த ஊருக்கு என்று தெரியாமல்.
அதற்கு மேல் கேட்க எங்கள் லேபில் மெஷின் இல்லை.

பதினேழு, பதினெட்டு என்று ஒட்டி
ஐஸ் பெட்டியில் வைத்து
டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கட்டிவிட்டேன்.
மேட்டுப்பாளையம் வரை வளைவுக்கு வளைவு
தோளோடு தோள் இடித்துக்கொண்டு
இறங்கியிருக்கும் இரண்டும்.

மறுநாளிலிருந்து லேப் வாசலில் மாதி, ஆலனின் மனைவி.
"காசமா இருக்கணும்னு ஹெத்தையம்மாகிட்ட
வேண்டியிருக்கேன். தப்பா?"
என் சித்தப்பா காசத்தில் கிடந்தபோது
அவர் தட்டைத் தனியே கழுவி
வெளியே கவிழ்த்துவைத்த வீடு எங்களுடையது.
அதையே வரமாய்க் கேட்கிறாள் ஒருத்தி.
தப்பில்லை என்றேன்.

நாலாம் நாள் போனில் வந்தன எண்கள்.
பதினேழு: ஏடிஏ எழுபத்தொன்று, சிஇஏ ஒன்று புள்ளி எட்டு.
பதினெட்டு: ஏடிஏ பதினொன்று, சிஇஏ இருநூற்றுப் பன்னிரண்டு.
ஸ்டிக்கர் மாறியிருக்குமோ என்று
ரிஜிஸ்டரில் இரண்டு தரம் விரல் வைத்துப் பார்த்தேன்.
மாறவில்லை.
மாறியிருக்கக் கூடாதா என்று யாருக்காக நினைத்தேன்?

டாக்டர் சொன்னதும் மாதி தரையில் உட்கார்ந்து
அழுதுகொண்டே சிரித்தாள்.
ஆறு மாசம் மாத்திரை, அவ்வளவுதானே, அவ்வளவுதானே.
கேட் வரை போனவள் திரும்பி வந்தாள்,
குரலைத் தாழ்த்தி:
"ஹட்டியில யாருக்கும் தெரிய வேணாம்."

பதினெட்டின் தாள் என் மேசையில், கவிழ்ந்தபடி.
செல் பரிசோதனை இன்னும் பாக்கி.
மகன் திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறான்.
செபஸ்தியம்மாளோ கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து
நீர் எடுத்ததிலிருந்து மூச்சு லேசாகிவிட்டதென்று
வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.
என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார்:
"ஏம்மா, என் தண்ணி என்ன சொல்லுச்சு?"